ஆனியன் ஸ்கின் நிழலை வைத்துக் கையால் அசைவு வரைவது எப்படி: கிரிட்டாவில் முதல் பயிற்சி

கையால் ஒவ்வொரு படமாக வரைந்து அனிமேஷன் பழகத் தொடங்குபவருக்கு முதலில் வரும் சிக்கல், இப்போது வரையும் படத்துக்கும் சற்று முன் வரைந்த படத்துக்கும் இடையில் எவ்வளவு நகர்வு இருக்கிறது என்பது கண்ணுக்குப் பிடிபடாமல் போவதுதான். தாளில் வரைந்த காலத்தில், அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையின் மீது, ஒரே அளவில் துளையிட்ட மெல்லிய தாள்களை முளைகளில் மாட்டி அடுக்குவார்கள். கீழ்த்தாளின் கோடுகள் மேல்தாளில் மங்கலாகத் தெரியும். அதே வேலையைக் கணினித் திரையில் செய்யும் வசதிக்குத்தான் ஆனியன் ஸ்கின் என்று பெயர். முந்தைய படமும் அடுத்த படமும், நீங்கள் வரைந்துகொண்டிருக்கும் படத்துக்குப் பின்னால் நிறமேற்றிய நிழலாகத் தெரியும்.

இந்த நிழல் இரண்டு செய்திகளைத்தான் சொல்லும்: முந்தைய கோடு எங்கே இருந்தது, அடுத்த கோடு எங்கே இருக்கப்போகிறது. நடுவில் வரும் படம் எங்கே இருக்க வேண்டும் என்பதை அது சொல்லாது. புதிதாகப் பழகுபவர்களின் படங்கள் உயிரில்லாமல் வழுக்கிக்கொண்டு போவதற்குப் பெரும்பாலும் காரணம், இரண்டு நிழல்களுக்கு நட்டநடுவே ஒரு படத்தை வரைந்து முடித்துவிடுவதே. ஆகவே இந்தக் கட்டுரையில் பொத்தான்களோடு சேர்த்து, நிழலைப் போடுவதற்கு முன்னரே இடைவெளிகளை எப்படித் தீர்மானிப்பது என்பதையும் சொல்கிறேன். என் கணிப்பில் அதுவே வேலையின் பெரும்பகுதி.

பயிற்சிக்குக் கிரிட்டா என்ற படம் வரையும் மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். அது கட்டணம் இல்லாதது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். 2016இல் வந்த 3.0 பதிப்பிலிருந்தே அதில் அனிமேஷன் வசதி இருக்கிறது. 2021 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பில், படங்களைக் கால வரிசையில் கட்டங்களாகக் காட்டும் டைம்லைன் பலகை புதிதாக அமைக்கப்பட்டது. கூடுமானவரை 5.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை நிறுவிக்கொள்ளுங்கள். வீடியோவாக மாற்றத் தேவைப்படும் எஃப்எஃப்எம்பெக் என்ற துணை நிரல் அதில் சேர்ந்தே வருகிறது. பழைய பதிப்புகளில் அதைத் தனியாகத் தேடி நிறுவ வேண்டியிருக்கும். ஃபோட்டோஷாப், கிம்ப் ஆகியவற்றில் வரைய விரும்புகிறவர்களுக்கான குறிப்புகள் இறுதியில் உள்ளன.

தாளை அமைத்தல்

புதிய கோப்பை 1280க்கு 720 பிக்சல் அளவில் திறந்துகொள்ளுங்கள். இன்னும் பெரிதாக வரையலாமே என்று தோன்றும். ஆனால் அனிமேஷனை இயக்கிப் பார்க்கும்போது ஒவ்வொரு ஃபிரேமும், அதாவது டைம்லைனின் ஒவ்வொரு கட்டத்திலும் திரையில் தோன்றும் காட்சியும், கணினியின் நினைவகத்தில் இடம் பிடிக்கும்: இந்த அளவில் 8 பிட் வண்ணப் படம் ஒன்றுக்கு ஏறக்குறைய 3.7 எம்பி ஆகும் என்றால், 3840க்கு 2160 அளவில் அதைப் போல ஒன்பது மடங்கு ஆகும். படம் தடங்கித் தடங்கி ஓடினால், பிழை உங்கள் வரைதலில் உள்ளதா, கணினியின் வேகத்தில் உள்ளதா என்று பிரித்தறிய முடியாது. பழகும் காலத்தில் சிறிய தாளே நல்லது.

கோப்பு திறந்ததும் விண்டோ மெனுவில் வொர்க்ஸ்பேஸ் என்பதன் கீழ் அனிமேஷன் என்பதைத் தேர்ந்தெடுத்தால், டைம்லைனும் மற்றப் பலகைகளும் தாமாகவே வந்து அமரும். ஆனியன் ஸ்கின்ஸ் பலகை வரவில்லை என்றால் செட்டிங்ஸ் மெனுவில் டாக்கர்ஸ் பட்டியலில் அதைக் குறியிட்டு வரவழைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து லேயர்கள், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஒளிபுகும் தாள்கள் போன்றவை. அடியில் வெள்ளை நிறம் நிரப்பிய பின்னணி லேயர் ஒன்று, அதற்கு மேல் ஒன்றுமே வரையாத பெயிண்ட் லேயர் ஒன்று. இரண்டும் கட்டாயம் தேவை. வரைவது முழுவதும் மேல் லேயரில்தான் நடக்க வேண்டும். நிழல், நீங்கள் வரையும் படத்துக்குப் பின்னால் தெரிவது என்பதால், அந்த லேயரிலேயே வெள்ளையை நிரப்பிவிட்டால் வெள்ளை நிறம் நிழலை முழுவதுமாக மறைத்துவிடும். “ஆனியன் ஸ்கின் போட்டேன், ஒன்றுமே தெரியவில்லை” என்று புதியவர்கள் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அழிக்கும்போதும் வெள்ளைத் தூரிகையால் பூசி மறைக்காமல், ‘ஈ’ விசையை அழுத்தித் தூரிகையை அழிப்பானாக மாற்றியே அழியுங்கள்.

ஃபிரேமும் அதன் நீட்சியும்

டைம்லைனில் பெயிண்ட் லேயரின் வரிசையில் 0 என்ற கட்டத்தில் வலது சொடுக்கி, கிரியேட் பிளாங்க் ஃபிரேம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கிரிட்டா எண்ணத் தொடங்குவது 0இலிருந்து என்பதை நினைவில் வைத்திருங்கள். வேகம் விநாடிக்கு 24 ஃபிரேம் என்று ஏற்கெனவே அமைந்திருக்கும். அதை மாற்ற வேண்டாம். அதற்காக விநாடிக்கு 24 படங்கள் வரைய வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தி, விநாடிக்கு 12 படங்கள் வரைவதைத் தொழிலில் ‘டூஸ்’ என்பார்கள். கையால் வரையும் அனிமேஷனில் மிகுதியாகப் பயன்படும் முறை அதுவே. கிரிட்டாவில் அடுத்த படத்தை 2ஆம் கட்டத்தில் உருவாக்கினால், 0இல் உள்ள படம் 1ஆம் கட்டத்திலும் தானாக நீடிக்கும்.

இந்த நீட்சியில் ஓர் ஆபத்து இருக்கிறது. 1ஆம் கட்டத்தில் நின்றுகொண்டு நீங்கள் கோடு போட்டால், புதிய படம் எதுவும் உருவாகாது. 0இல் உள்ள படமே மாறும். அழித்தாலும் அப்படியே. டைம்லைனில் தானியங்கி ஃபிரேம் வசதியை இயக்கியிருந்தால் மட்டுமே புதிய படம் தானாகப் பிறக்கும். தொடக்கத்தில் அந்த வசதியை அணைத்து வைத்து, ஒவ்வொரு ஃபிரேமையும் நீங்களே உருவாக்கிப் பழகுங்கள். எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்று பார்த்துவிட்டுக் கோடு போடும் வழக்கம் அப்படித்தான் கையில் படியும்.

நிழலை இயக்குதல்

லேயரின் பெயருக்கருகில் சிறிய மின்விளக்குக் குறி ஒன்று இருக்கும். அதைச் சொடுக்கினால் அந்த லேயருக்கு மட்டும் நிழல் இயங்கத் தொடங்கும். ஒவ்வொரு லேயருக்கும் தனித்தனி விளக்கு இருப்பது பிறகு மிகவும் பயன்படும். கோட்டு லேயருக்கு நிழலைப் போட்டு, வண்ண லேயருக்கு அணைத்து வைக்கலாம். வண்ணம் நிரப்பிய பரப்புகள் நிழலாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் கோடே தெரியாமல் சேறாகிவிடும்.

ஆனியன் ஸ்கின்ஸ் பலகையில் நடுவே 0, அதன் இருபுறமும் 1 முதல் 10 வரை எண்கள் இருக்கும். இடப்பக்கம் முந்தைய படங்கள், வலப்பக்கம் அடுத்த படங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய செங்குத்துப் பட்டை, அந்த நிழல் எவ்வளவு அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும்; எண்ணைச் சொடுக்கினால் அந்த நிழல் மட்டும் தோன்றும் அல்லது மறையும். இந்த எண்கள் படங்களை எண்ணுகின்றன, ஃபிரேம்களை அல்ல. நீங்கள் டூஸில் வரைந்தாலும், ஒரு படத்தை எட்டு ஃபிரேம் நிறுத்தியிருந்தாலும், 1 என்பது எப்போதும் இதற்கு முன் வரைந்த படத்தையே காட்டும்.

எல்லா எண்களையும் இயக்கிப் பார்க்க ஆசை வரும். அப்படிச் செய்தால் திரையில் கோடுகளின் புதர்தான் மிஞ்சும். தொடக்கத்துக்கு முந்தையது ஒன்று, அடுத்தது ஒன்று போதும். இரண்டாவது நிழல் வேண்டும் என்றால் அதன் அழுத்தத்தை முதலாவதில் பாதியாக வையுங்கள். எது அண்மையில் உள்ளது, எது தொலைவில் உள்ளது என்பதை அழுத்தத்தின் வேறுபாடே சொல்லிவிடும்.

நிறம் பற்றியும் சொல்ல வேண்டும். கிரிட்டா முந்தைய படங்களைச் சிவப்பிலும் அடுத்த படங்களைப் பச்சையிலும் காட்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண்ணுடையவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் பலகையில் உள்ள நிறக் கட்டங்களைச் சொடுக்கி ஆரஞ்சு, நீலம் என்று மாற்றிக்கொண்டால் வேலை எளிதாகும். டின்ட் என்ற பட்டை, இந்த நிறம் எந்த அளவுக்கு ஏற வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அது முழுவதும் ஏறியிருந்தால் உங்கள் கோட்டின் சொந்த நிறம் மறைந்துவிடும். கோடு மட்டும் வரையும்போது அதுவே வசதி. முதல் வரைவை நீலப் பென்சிலால் போடும் பழக்கம் உள்ளவர்கள், நிழலுக்கு நீலம் வைக்காமல் இருக்க வேண்டும்.

முதல் பயிற்சி: துள்ளும் பந்து

துள்ளும் பந்து எல்லா அனிமேஷன் வகுப்புகளிலும் முதல் பாடமாக இருப்பதற்குத் தக்க காரணம் உண்டு. உருவம் எளிது, ஆகவே தவறு நேர்ந்தால் அது இடைவெளியில்தான் நேர்ந்திருக்கும். நாம் வரையப்போவது 12 படங்கள். பந்து மேலிருந்து விழுந்து 12ஆம் ஃபிரேமில் தரையைத் தொடுகிறது. பிறகு சற்றுக் குறைந்த உயரத்துக்கு எழும்பி 22ஆம் ஃபிரேமில் உச்சியை அடைகிறது.

பந்தின் குறுக்களவு 100 பிக்சல் என்று கொள்வோம். தரைக்கோட்டை மேல் விளிம்பிலிருந்து 654 பிக்சலில், அசைவில்லாத தனி லேயர் ஒன்றில் வரைந்துவிடுங்கள். வியூ மெனுவில் ஷோ ரூலர்ஸ் என்பதை இயக்கினால் அளவுகோல் கிடைக்கும். பந்தின் மையம் முதல் படத்தில் மேலிருந்து 100 பிக்சல், இடமிருந்து 200 பிக்சல் தொலைவில் இருக்கட்டும். தரையைத் தொடும்போது மையம் 604இல் இருக்கும். ஆக, பந்து விழும் தூரம் 504 பிக்சல்; அதற்கு நாம் ஒதுக்கியிருப்பது ஆறு அடிகள், அதாவது ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு ஆறு நகர்வுகள்.

இங்கேதான் நிழல் புதியவரை ஏமாற்றுகிறது. முதல் படத்தையும் தரையைத் தொடும் படத்தையும் வரைந்துவிட்டு, 6ஆம் ஃபிரேமில் நின்று, மேலே சிவப்பு நிழலையும் கீழே பச்சை நிழலையும் பார்த்து நட்டநடுவே பந்தை வரைந்தால், அதன் மையம் 352இல் விழும். உண்மையில் அது இருக்க வேண்டிய இடம் 226. வேறுபாடு 126 பிக்சல், அதாவது பந்தின் முழு அகலத்தையும் விடக் கூடுதல். நடுவில் வரைந்து, பிறகு அந்த நடுவுக்கும் நடுவில் வரைந்துகொண்டே போனால் ஒவ்வோர் அடியும் 84 பிக்சலாகச் சமமாக அமையும். பந்து விழாது, மின்தூக்கி இறங்குவது போல ஒரே சீராக இறங்கும்.

விழும் பொருள் கடக்கும் தூரம் நேரத்தின் இருமடியாக வளர்கிறது. சமமான நேர இடைவெளிகளில் அது கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களின் விகிதத்தில் அமையும் என்பதை 17ஆம் நூற்றாண்டில் கலிலியோ எடுத்துக்காட்டினார். நமது ஆறு அடிகளுக்கு அந்த விகிதம் 1, 3, 5, 7, 9, 11, கூட்டினால் 36. 504ஐ 36ஆல் வகுத்தால் 14. எனவே அடிகள் முறையே 14, 42, 70, 98, 126, 154 பிக்சல். பந்தின் மையம் 0, 2, 4, 6, 8, 10, 12 ஆகிய ஃபிரேம்களில் மேல் விளிம்பிலிருந்து 100, 114, 156, 226, 324, 450, 604 என்ற அளவுகளில் நிற்கும். எழும்பும்போது இதே எண்கள் தலைகீழாக வரும், ஆனால் பந்து ஆற்றலை இழப்பதால் ஓர் அடி குறைவாக: 126, 98, 70, 42, 14. அதன்படி 14ஆம் ஃபிரேமிலிருந்து 22ஆம் ஃபிரேம் வரை மையம் 478, 380, 310, 268, 254 என்று அமையும். பக்கவாட்டு நகர்வு மட்டும் மாறாது. ஒவ்வொரு படத்துக்கும் வலப்புறமாக 60 பிக்சல்.

இந்தப் பன்னிரண்டு புள்ளிகளையும் ‘அளவு’ என்று பெயரிட்ட தனி லேயரில், அசைவில்லாமல், சிறு குறிகளாக முதலில் வைத்துவிடுங்கள். தாளில் வரைந்தவர்கள் தாளின் ஓரத்தில் ஏணி போன்ற சிறு கோட்டுப் படமாக இதையே வரைந்து வைப்பார்கள். எந்தப் படம் எதற்கு அருகில் நெருங்க வேண்டும் என்பதை இன்பிட்வீன் எனப்படும் இடைப்படங்களை வரைபவருக்குச் சொல்லும் குறிப்பு அது. குறிகள் வைத்தான பிறகு பின்வரும் வரிசையில் வேலை செய்யுங்கள்.

முதலில் நிழலை அணைத்த நிலையிலேயே 0, 12, 22 ஆகிய மூன்று ஃபிரேம்களை உருவாக்கி, அசைவின் முக்கிய நிலைகளைக் காட்டும் மூன்று கீ படங்களை வரையுங்கள். பிறகு நிழலை இயக்கி, இருபுறமும் ஒவ்வொன்று மட்டும் தெரியும்படி வைத்து, 6ஆம் ஃபிரேமில் குறியின் மீது பந்தை வரையுங்கள். அது இரண்டு நிழல்களுக்கும் நடுவில் இல்லாமல் மேல் நிழலை ஒட்டி நிற்பதைக் கவனியுங்கள். இடைப்படங்களை ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க, நிழல்கள் உச்சியில் ஒன்றின்மீது ஒன்று ஏறி நெருங்கியும் தரையருகே முற்றிலும் விலகியும் தெரியும். நெருக்கம் இருக்கும் இடத்தில் பந்து மெதுவாகவும், விலகல் இருக்கும் இடத்தில் வேகமாகவும் ஓடும். நிழலில் நீங்கள் படிக்க வேண்டியது இந்த நெருக்கத்தையும் விலகலையும்தான்.

தரைக்கு அருகில் 450க்கும் 604க்கும் இடையில் 154 பிக்சல் இடைவெளி விழுகிறது. பந்தின் அகலத்தை விட அது அதிகம் என்பதால், ஓடவிடும்போது கண் இரண்டையும் ஒரே பொருளாக இணைக்கத் தடுமாறும். அதனால்தான் அந்த இடத்தில் பந்தைப் பாதையின் திசையில் சற்று நீட்டி வரைகிறார்கள். தரையைத் தொடும் படத்தில் அமுக்கி வரைகிறார்கள். நீட்டினாலும் அமுக்கினாலும் பரப்பு மாறக் கூடாது. உயரத்தை 70 பிக்சலாகக் குறைத்தால் அகலத்தை ஏறக்குறைய 143 ஆக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் பந்து ஒரு கணம் சுருங்கி மீள்வது போலத் தெரியும். அமுக்கிய பந்தின் அடி தரைக்கோட்டிலேயே இருக்க வேண்டும் என்பதால் அதன் மையம் 604இலிருந்து 619க்கு இறங்கும்.

பந்து விழ நாம் கொடுத்திருக்கும் நேரம் 12 ஃபிரேம், அதாவது அரை விநாடி. அரை விநாடியில் உண்மையான பொருள் விழும் தூரம் 1.2 மீட்டர் அளவுதான். எனவே இது பெரியவர் ஒருவர் நெஞ்சளவிலிருந்து நழுவவிட்ட பந்து. இதே 12 ஃபிரேமில், பின்னணியில் மாடிக்கட்டடத்தை வரைந்து அதன் உச்சியிலிருந்து பந்தை விழச் செய்தால், கட்டடம் பொம்மை வீடாகத் தோன்றும். அளவை உணர்த்துவது நேரம் என்பதால், காட்சி எவ்வளவு பெரியது என்பதை முடிவு செய்த பிறகே ஃபிரேம்களை எண்ணுங்கள்.

நிழலை அணைத்துப் புரட்டிப் பார்த்தல்

இரண்டு மூன்று படங்கள் சேர்ந்ததும் மின்விளக்குக் குறியை அணைத்துவிட்டு, இட வல அம்பு விசைகளால் முன்னும் பின்னும் நகர்ந்து பாருங்கள். தாளில் வரைந்தவர்கள் விரல்களுக்கிடையே தாள்களைப் பிடித்துப் புரட்டியதற்கு ஈடானது இது. நிழல் எல்லா நிலைகளையும் ஒரே நேரத்தில் காட்டுகிறது. அசைவோ ஒன்றன்பின் ஒன்றாக வரும்போதுதான் பிறக்கிறது. நிழலில் ஒழுங்காகத் தெரிந்த வரிசை புரட்டும்போது உதறுவதும், நிழலில் குழப்பமாகத் தெரிந்தது புரட்டும்போது அழகாக ஓடுவதும் அடிக்கடி நிகழும். புரட்டிப் பார்ப்பதைத்தான் நம்ப வேண்டும். டூஸில் வரைந்திருந்தால் அம்பு விசை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்வதால் ஒரு படத்துக்கு இருமுறை அழுத்த வேண்டியிருக்கும். கிரிட்டாவின் விசைப்பலகை அமைப்புகளுக்குச் சென்று, அடுத்த கீஃபிரேம், முந்தைய கீஃபிரேம் (கிரிட்டாவில் கீஃபிரேம் என்பது படம் உருவாக்கிய ஃபிரேம்) என்ற கட்டளைகளுக்கு உங்களுக்குப் பிடித்த விசைகளை ஒதுக்கிக்கொண்டால் இந்தத் தொல்லை தீரும்.

வளைவும் இடம்பெயர்த்து வரைதலும்

பந்துக்கு அடுத்தபடியாக, இடப்பக்கம் பார்க்கும் தலை வலப்பக்கம் திரும்புவதை வரைந்து பாருங்கள். நிழலைப் பார்த்து ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் கோடு போட்டால், மூக்கு நேர்கோட்டில் முகத்தின் குறுக்கே சறுக்கிப் போகும். முகம் தட்டையான அட்டையாகிவிடும். தலை கழுத்தின் மீது சுழல்வதால் மூக்கின் நுனி வளைவுப் பாதையில்தான் செல்லும். பெரும்பாலும் நடுவில் தலை சற்றுத் தாழ்ந்து எழும். நடுப் படத்தை, அதாவது பிரேக்டவுனை, வரைவதற்கு முன் அளவு லேயரில் மூக்குக்கு ஒரு வளைவு, கண்களுக்கு ஒரு வளைவு, மோவாய்க்கு ஒரு வளைவு என்று மெல்லிய கோடுகளாகப் பாதையைப் போட்டுவிடுங்கள். அந்தப் பாதையின் மீது மூக்கு அமர்கிறதா என்பதைச் சரிபார்க்க நிழல் உதவும்.

இரண்டு கீ படங்களும் வெகு தொலைவில் இருக்கும்போது, எடுத்துக்காட்டாக மடியில் கிடந்த கை தலைக்கு மேல் உயரும்போது, நிழல் அனேகமாகப் பயனற்றது. இரண்டு நிழல்களும் திரையின் இரு மூலைகளில் கிடக்கும். நடுவில் வரையும் கை எந்த வடிவத்தையும் பிடித்துக்கொள்ள முடியாமல் சிறுத்தோ பெருத்தோ போகும். இதற்கு விளக்கு மேசைக் காலத்து உத்தி ஒன்று உண்டு: தாள்களை முளையிலிருந்து கழற்றி, இரண்டு கைகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துமாறு நகர்த்தி வைத்து, அதன்மேல் இடைப்படத்தை வரைவார்கள். கணினியிலும் இதைச் செய்யலாம். இரண்டு கீ படங்களையும் தனித்தனி அசைவற்ற லேயர்களில் நகலெடுத்து, ஒளிபுகும் அளவை 30 விழுக்காட்டுக்குக் குறைத்து, டிரான்ஸ்ஃபார்ம் கருவியால் இரண்டையும் நகர்த்திச் சுழற்றி, இடைப்படம் வர வேண்டிய இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொண்டுவந்து வையுங்கள். லேயரின் நிழலை அணைத்துவிட்டு, அந்த இரண்டையும் பார்த்து வரையுங்கள். முடிந்ததும் அந்த லேயர்களை மறைத்துவிடலாம். விரல்களின் நீளமும் உள்ளங்கையின் அகலமும் மாறாமல் நிற்கும். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் உருவம் உருக்குலையாமல் காப்பதற்கு இதைவிடச் சிறந்த வழியை நான் பார்த்ததில்லை.

உருவம் மெல்ல மெல்ல மாறிப் போவது இன்னொரு பொதுவான குறை. ஒவ்வொரு படத்தையும் அதற்கு முந்தைய நிழலை மட்டும் பார்த்து வரைந்தால், முதல் படத்தில் நேர்ந்த மயிரிழைப் பிழை பத்தாவது படத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்திருக்கும். இதைத் தடுக்கக் கிரிட்டாவில் நல்ல வசதி உள்ளது. டைம்லைனில் ஃபிரேமின் மீது வலது சொடுக்கி அதற்கு நிறக் குறி கொடுக்கலாம். ஆனியன் ஸ்கின்ஸ் பலகையில் நிறத்தைக் கொண்டு ஃபிரேம்களை வடிகட்டும் பகுதியைத் திறந்து, அந்த நிறமுள்ள ஃபிரேம்களை மட்டும் நிழலாகக் காட்டச் சொல்லலாம். கீ படங்களுக்கு ஒரு நிறம், பிரேக்டவுனுக்கு வேறொரு நிறம் என்று கொடுத்துவிட்டால், இடைப்படங்களை வரையும்போது எப்போதும் மூலப் படத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே போகலாம். இந்த வசதியைப் பலரும் கவனிப்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

அசையாத பகுதியை ஒவ்வொரு படத்திலும் நிழலைப் பார்த்துப் படியெடுக்காதீர்கள். எவ்வளவு தேர்ந்த கையானாலும் கோடு துடிக்கும். உடல் நிற்க, கை மட்டும் அசைந்தால், உடலை வேறு லேயரில் ஒரே படமாக வைத்துக் கையை மட்டும் அசையும் லேயரில் வரையுங்கள்.

தீ, புகை, நீர், காற்றில் பறக்கும் துணி ஆகியவற்றுக்குக் கீ படங்கள் போட்டு வரைவது பொருந்தாது. அவற்றை முதல் படத்திலிருந்து நேராக வரைந்துகொண்டே போவதுதான் வழக்கம். அப்போது அடுத்த படங்களின் நிழலை முழுவதும் அணைத்துவிட்டு, முந்தையவற்றில் இரண்டோ மூன்றோ தெரியும்படி வையுங்கள். ஒரே ஒரு நிழல் இடத்தைச் சொல்லும். இரண்டு மூன்று சேர்ந்தால்தான் சுடர் எந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கிறது என்பது தெரியும்.

நடை போன்ற சுழற்சியில், கடைசிப் படத்திலிருந்து முதல் படத்துக்குத் திரும்பும் இடத்தில் நிழல் உங்களைக் கைவிடும். கடைசிப் படத்துக்கு அடுத்தபடியாகக் காட்ட எதுவும் இல்லை. 0 முதல் 23 வரை ஓடும் சுழற்சி என்றால், முதல் படத்தை நகலெடுத்து 24ஆம் கட்டத்தில் வைத்துக்கொண்டு கடைசி இடைப்படங்களை வரையுங்கள். இயக்கம் 23இல் முடியும்படி அமைத்துவிட்டால் அந்த நகல் ஓட்டத்தில் வராது; வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம்.

எல்லாம் முடிந்த பின் ஃபைல் மெனுவில் ரெண்டர் அனிமேஷன் என்பதைத் தேர்ந்தெடுத்துப் பட வரிசையாகவோ வீடியோவாகவோ வெளியிடலாம். நிழல்கள் வெளியீட்டில் வருவதில்லை; ஆனால் அளவு லேயரை மறைக்க மறந்தால் அது வந்துவிடும்.

ஃபோட்டோஷாப்பிலும் கிம்ப்பிலும்

ஃபோட்டோஷாப்பில் டைம்லைன் பலகையை வீடியோ டைம்லைன் நிலையில் வைத்தால்தான் ஆனியன் ஸ்கின் கிடைக்கும். ஃபிரேம் அனிமேஷன் நிலையில் கிடைக்காது. லேயர் மெனுவில் வீடியோ லேயர்ஸ் என்பதன் கீழ் நியூ பிளாங்க் வீடியோ லேயர் ஒன்றை உருவாக்கி அதில் வரையுங்கள். டைம்லைன் பலகையின் மெனுவில் எனேபிள் ஆனியன் ஸ்கின்ஸ், ஆனியன் ஸ்கின் செட்டிங்ஸ் என்ற இரண்டும் இருக்கும். முன்னால் எத்தனை, பின்னால் எத்தனை, மிகுந்த அழுத்தம், குறைந்த அழுத்தம், கலப்பு முறை ஆகியவற்றை அங்கே அமைக்கலாம்; வெள்ளைப் பின்னணியில் கறுப்புக் கோடு வரைபவர்களுக்கு மல்டிப்ளை கலப்பு முறை ஏற்றது. கிரிட்டாவைப் போல அல்லாமல், இது படங்களை எண்ணாமல் ஃபிரேம்களையே எண்ணுகிறது. ஆகவே 24இல் டூஸாக வரைந்தால் ஃபிரேம் ஸ்பேசிங் என்ற எண்ணை 2 என்று வைக்க வேண்டும். இல்லையென்றால் பக்கத்துப் படத்துக்குப் பதிலாக இடையில் உள்ள ஃபிரேமே நிழலாக வரும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் டைம்லைனின் வேகத்தை விநாடிக்கு 12 என்று அமைத்து, ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரு படம் வரைந்துவிடுங்கள்.

கிம்ப்பில் டைம்லைனும் இல்லை, ஆனியன் ஸ்கினும் இல்லை. ஒவ்வொரு லேயரும் ஒரு ஃபிரேம். கீழிருந்து மேலாக ஓடும். நிழல் வேண்டுமானால் முந்தைய லேயரின் ஒளிபுகும் அளவைக் கையால் 30 விழுக்காட்டுக்குக் குறைத்து, அதற்கு முந்தையவற்றை மறைத்து வரைய வேண்டும். முடிந்ததும் எல்லாவற்றையும் 100க்கு மீட்டுவிடுங்கள். ஜிஃப் கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது அடியில் உள்ள வெள்ளைத் தாள் முதல் ஃபிரேமாகிவிடும் என்பதால், ஒவ்வொரு படத்தையும் ஒரு வெள்ளை நகலோடு சேர்த்து ஒரு லேயர் குழுவாக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு குழுவும் ஒரு ஃபிரேமாகக் கணக்கிடப்படும். ஏற்றுமதிப் பெட்டியில் அனிமேஷனாக என்ற கட்டத்தைக் குறியிட்டு, இடைவெளியை 80 மில்லி விநாடி என்று கொடுங்கள். விநாடிக்கு 12 படம் என்றால் 83 வர வேண்டும். ஆனால் ஜிஃப் வடிவம் நேரத்தை விநாடியின் நூறில் ஒரு பங்காகவே பதிவு செய்கிறது. பத்துப் பதினைந்து படங்களுக்கு இந்த முறை போதும். அதற்கு மேல் போவதாக இருந்தால் படங்களைப் பிஎன்ஜி கோப்புகளாக எடுத்துச் சென்று, கிரிட்டாவில் இம்போர்ட் அனிமேஷன் ஃபிரேம்ஸ் வழியாக ஒரே லேயரில் ஏற்றித் தொடருங்கள். ஆனால் அதற்கு முன் அந்தக் கோப்புகளில் வெள்ளைத் தாள் இல்லாமல் கோடு மட்டும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.